பயணமும் படமும்: வாசகர் கேள்வி–பதில்

பயணம் போகும் இடங்களில் பழங்கட்டடங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் படமெடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கையில் இருப்பது கேமராவோ கைப்பேசியோ, பெரும்பாலான பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: உயரமான கோபுரங்களையும் மாளிகைகளையும் எடுத்தால் அவை பின்னோக்கிச் சாய்ந்து விழுவதுபோலப் படத்தில் தெரிகின்றன. நேரில் அப்படித் தோன்றுவதில்லையே. விலை உயர்ந்த கருவி இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். கேமராவின் முகம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும். உச்சியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று சற்றே மேல்நோக்கிச் சாய்த்த உடனே அந்த இணைநிலை கெட்டு, தொலைவில் இருக்கும் உச்சி சிறுத்து, இருபுறக் கோடுகளும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. அண்ணாந்து பார்க்கும்போது நம் கண்ணுக்குள் விழும் பிம்பமும் அப்படிப்பட்டதுதான். ஆனால் சுவர் நேராக நிற்கிறது என்று அறிந்த மூளை அதைத் திருத்தி நமக்குக் காட்டுகிறது.

சரிசெய்ய முதல் வழி பின்னால் நகர்வது. எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அவ்வளவு குறைவாகவே அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். தள்ளி நின்று கைப்பேசியின் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸால் எடுத்த படத்தில் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கும் கம்பீரத்தை, அதன் காலடியில் நின்று அகலக்கோண லென்ஸால் எடுத்த படம் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வழி உயரம். எதிரே உள்ள கட்டடத்தின் மாடியோ மேடான சாலையோ கிடைத்து, கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்கள் போய்விட்டால் கேமராவைச் சாய்க்கவே தேவையில்லை. இரண்டும் இயலாத குறுகிய தெருவில், கைப்பேசியை நெடுக்கில் சாய்க்காமல் பிடித்து, கீழே தரை நிறைய வந்தாலும் பொருட்படுத்தாமல் எடுத்து, பிறகு அந்தத் தரையை வெட்டிவிடலாம். பழைய பெரிய கேமராக்களில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதி இருந்தது. கட்டடக்கலைப் படக்கலைஞர்கள் இன்று பயன்படுத்தும் ஷிஃப்ட் லென்ஸும் அதையே செய்கிறது. தரையை வெட்டிவிடும் முறை செலவில்லாமல் அதே கொள்கையைப் பின்பற்றுகிறது.

கோடுகளை நேராக்கும் வசதி பெரும்பாலான படத் திருத்தச் செயலிகளில் இருக்கிறது. அது படத்தின் மேற்பகுதியை இழுத்து விரிப்பதால் ஓரங்கள் வெட்டுப்படும். ஆகையால் எடுக்கும்போதே மேலேயும் இருபுறமும் தாராளமாக இடம் விட வேண்டும். மிக உயர்ந்த கோபுரத்தை முற்றிலும் நேராக்கினால் அது தலை பருத்துத் தெரியும். சிறிதளவு குவிதலை விட்டுவைத்தால்தான் கண் ஏற்றுக்கொள்கிறது.

கட்டடம் முழுவதும் ஒரே படத்தில் அடங்கியாக வேண்டும் என்று நினைப்பதாலேயே இந்தத் தொல்லை பெரும்பாலும் வருகிறது. இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் புகைப்படக்காரர் ஃபிரெடெரிக் எவன்ஸ் 1903இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் கோபுரமும் இல்லை, முகப்பும் இல்லை. நூற்றாண்டுக்கணக்கில் மிதிபட்டுத் தேய்ந்த கற்படிகள் அலையலையாக மேலேறிப் போகின்றன, அவ்வளவுதான். பேராலயத்தின் வயதையும் அதில் நடந்தவர்களையும் ஒருசேரச் சொல்ல அந்தப் படிகளே போதுமாக இருக்கின்றன.

கேள்வி: ஓர் இடத்தில் ஓரிரு மணி நேரம்தான் செலவிட முடிகிறது. எந்த நேரத்தில் போனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்?

பதில்: காலையும் மாலையும் நல்லவை என்ற பொதுவிதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலையா மாலையா என்பதைத் தீர்மானிப்பது கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே. இதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்; பலர் செய்வதில்லை.

ஐரோப்பாவின் கோதிக் பேராலயங்களில் பலிபீடம் கிழக்கே இருப்பது வழக்கம் என்பதால் சிற்பங்கள் நிறைந்த முதன்மை முகப்பு மேற்கே அமைகிறது. பாரிஸின் நோத்ர தாம், ஷார்த்ர, ரேன்ஸ் ஆகியவற்றின் முகப்புகளுக்குக் காலையில் போனால் நிழலைத்தான் எடுக்க முடியும். பிற்பகலில் அதே கல் பொன்னிறமாகிறது. ஓவியர் குளோத் மொனே 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் ரூவான் பேராலயத்தை, பெரும்பாலும் அதன் மேற்கு முகப்பையே, ஏறத்தாழ முப்பது முறை தீட்டினார். ஒரே சுவர், ஏறத்தாழ ஒரே கோணம், ஆனால் வெளிச்சம் மாறும்போதெல்லாம் வேறு ஓவியம். கட்டடத்தைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் அந்த ஓவியங்களை வரிசையாகப் பார்த்தால், நேரத்தைப் பற்றி நான் எழுதுவதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

எகிப்தின் அபு சிம்பெல் கோயில் கிழக்கு நோக்கியது. சூரியன் எழுந்த சிறிது நேரத்திலேயே பாறையில் குடைந்த பெருஞ்சிலைகள் மீது நேரடி ஒளி விழுகிறது. ஜோர்டானின் பெட்ராவில் ‘கருவூலம்’ எனப்படும் முகப்பும் கிழக்கைப் பார்த்ததுதான் என்றாலும், எதிரே பாறைச் சுவர் உயர்ந்து நிற்பதால் முற்பகலில்தான் வெயில் அதன்மீது இறங்கி வருகிறது. கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு நோக்கியது. விடியற்காலையில் அங்கே கூடுகிற கூட்டத்துக்குக் கிடைப்பது, கோபுரங்கள் கருநிழலாக நிற்கும் சூரியோதயப் படம். அது அழகானதுதான்; ஆனால் கல்லின் வேலைப்பாடு தெரிய வேண்டுமானால் பிற்பகலில் வர வேண்டும். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய முகப்புகளுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் நேரடி வெயில் கிடைப்பதே இல்லை. அவற்றுக்குச் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது, முப்பது நிமிடங்கள் சிறந்தவை. வானத்தில் மீந்திருக்கும் நீல ஒளியும் கட்டடத்தின் விளக்கொளியும் அப்போது ஏறத்தாழச் சமமாகின்றன.

மேகமூட்டமான நாளில் போக நேர்ந்தால் வருந்த வேண்டாம். செதுக்கு வேலைகளின் அண்மைக் காட்சி, தூண் வரிசைகள், உள்முற்றங்கள் ஆகியவற்றுக்கு அந்த மென்மையான வெளிச்சம் வெயிலைவிட நல்லது. தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கும் அப்படித்தான். கைப்பேசித் திரையில் சாளரம் தெரியும் இடத்தைத் தொட்டு அதற்கேற்ப ஒளி அளவை நிர்ணயித்து, சுற்றியுள்ள சுவர் இருண்டு போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி: அருங்காட்சியகங்களில் ஃபிளாஷ் கூடாது என்கிறார்கள். கண் சிமிட்டும் நேர வெளிச்சத்தால் ஓவியம் உண்மையிலேயே கெட்டுவிடுமா?

பதில்: ஒளி கெடுதல் செய்யும் என்பதில் ஐயமில்லை, அந்தக் கெடுதல் சேர்ந்துகொண்டே போவது, திரும்பப் பெற முடியாதது என்பதிலும் ஐயமில்லை. அதனால்தான் துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம், கையெழுத்துப் பிரதி போன்றவை ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) என்ற மங்கிய வெளிச்சத்திலும், எண்ணெய் வண்ண ஓவியங்கள் ஏறத்தாழ 200 லக்ஸ் வெளிச்சத்திலும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கல், உலோகம், சுடுமண் ஆகியவற்றுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஆனால் ஃபிளாஷின் பங்கைத் தனியே எடுத்துப் பார்த்தால், அருங்காட்சியக அறிவியலாளர்கள் செய்த சோதனைகள் பலரும் அஞ்சும் அளவுக்கு அதைக் குற்றம் சாட்டவில்லை. ஃபிளாஷ் பிரகாசமானது என்றாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய நேரமே நீடிக்கிறது. நாள் முழுவதும் எரியும் கூடத்து விளக்குகளின் மொத்த ஒளியோடு ஒப்பிட்டால் ஒரு சிறிய கேமராவின் மின்னொளி மிகக் குறைவு.

இதைச் சொன்னதால் விதியை மீறலாம் என்று பொருளில்லை. ஒரு கூடத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வரும்போது, எந்தப் பொருளுக்கு ஃபிளாஷ் தாங்கும், எதற்குத் தாங்காது என்று காவலர் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஓர் ஓவியத்தின் முன் அமைதியாக நிற்பவரின் கண்ணில் நிமிடத்துக்கொரு முறை மின்னல் வெட்டினால் அவருக்கு அந்த ஓவியமே பறிபோகிறது. படத்துக்கும் அதனால் நன்மையில்லை: கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகத் திரும்பி வரும், சிற்பத்தின் நிழல்களை அழித்து அதைத் தட்டையாக்கும். கைப்பேசியில் ‘தானியங்கி’ என்று இருக்கும் ஃபிளாஷை வாசலிலேயே முற்றிலும் அணைத்துவிடுங்கள். கேமராவாக இருந்தால் குவியத்துக்கு உதவும் சிறு விளக்கையும் ஷட்டர் ஒலியையும் சேர்த்து அணையுங்கள். கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துவதால் படத்தில் வரும் மணற்புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், கை நடுங்கிக் கலங்கிய படத்தைத் திருத்த முடியாது.

படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுகின்றன என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அது மின்விளக்குகளின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியிலும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120 நொடியிலும் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளை எடுத்தால் பொருளைவிட என் முகமே தெளிவாகத் தெரிகிறது. போலரைசர் ஃபில்டர் வாங்கினால் தீருமா?

பதில்: ஓரளவுக்குத்தான். பிரதிபலித்து வரும் ஒளியைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டிதான் போலரைசர். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் அதனால் ஏறத்தாழ ஒரு பயனும் இல்லை. நேர்க்கோட்டிலிருந்து 55 பாகை அளவுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றால்தான் அது பிரதிபலிப்பை நன்றாக விழுங்கும். அதற்கு விலையாக வெளிச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். மங்கிய கூடத்தில் அது பெரிய இழப்பு. பேழை கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தால் சில வேளைகளில் வானவில் கறைகளும் தோன்றும்.

செலவில்லாத வழியே மேல். லென்ஸின் வாயைக் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டுபோய்விட்டால், பிரதிபலிப்பு நுழையும் இடைவெளியே இருக்காது. ரப்பர் வளையம் மாட்டிய லென்ஸானால் கண்ணாடியில் கீறல் விழும் அச்சமின்றி மெல்லத் தொடும்படி வைக்கலாம். தொடக்கூடாது என்று எழுதியிருக்கும் இடத்தில் விரல் அகல இடைவெளி விட்டு, கையைக் குவித்து மறையுங்கள். அருகே போக முடியாதபோது, உங்களுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று திரும்பிப் பாருங்கள். ஒளிரும் சாளரம் பின்னால் இருந்தால் ஓரடி நகர்ந்து, இருண்ட சுவர் பின்னால் வரும்படி நில்லுங்கள். அடர்நிற உடை உடுத்திப் போவது இதற்காகவே பயன்படும்.

கேள்வி: வெறுங்கண்ணால் படிக்க முடிகிற கல்வெட்டும் தாழ்ந்த புடைப்புச் சிற்பமும் படத்தில் வெறும் கல்லாகத் தெரிகின்றனவே?

பதில்: வெளிச்சம் முன்னாலிருந்து விழுவதால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் இல்லை. ஒளி கல்லின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வரும் நேரத்தில் போனால், உச்சிவேளையில் மறைந்திருந்த வரிகள் தாமாகவே எழுந்து நிற்கும். வெவ்வேறு திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சிப் பல படங்களை எடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து, ஒளியின் திசையை விருப்பம்போல் மாற்றிப் பார்க்கும் முறையை 2001இல் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். பண்டைய கிரேக்கர்களின் பல்சக்கரக் கருவியான ஆன்டிகிதெரா இயந்திரத்தின் துருப்பிடித்த துண்டுகளில் இருந்த எழுத்துகளைப் படிக்க 2005இல் அந்த முறை பயன்பட்டது. பயணிக்கு அவ்வளவு வசதி இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே கல்வெட்டை இருமுறை எடுத்தால் ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லின்மேல் சுண்ணம், மாவு, தண்ணீர் எதையும் தடவாதீர்கள். அது கல்லுக்கு நிலையான கேடு.

கேள்வி: ஓர் அருங்காட்சியகத்தில் எதையும் எடுக்கலாம் என்கிறார்கள், மற்றொன்றில் கேமராவைக் கண்டாலே தடுக்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறதா?

பதில்: காரணங்கள் இடத்துக்கு இடம் வேறு, அவற்றைத் தெரிந்துகொண்டால் தடை எரிச்சலூட்டுவதில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் இருக்கும் தடை, 1980இல் தொடங்கி 1994 வரை நடந்த சுவரோவியச் சீரமைப்போடு தொடர்புடையது. அந்தப் பணிக்கு நிதி தந்த ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி, படமெடுக்கும் தனியுரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெற்றிருந்தது. அந்த உரிமை காலாவதியான பிறகும் தடை தொடர்கிறது. இப்போது கூட்டத்தையும் அமைதியையும் கருதி. மத்ரிதின் பிராதோ அருங்காட்சியகம் படமெடுப்பதையே அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னும் கைப்பேசிகள் உயர்ந்து நிற்காத கூடத்தில் ஓவியத்தோடு தனியே இருக்கும் நிம்மதியைக் கருதினால், இது பார்வையாளருக்குச் செய்யும் நன்மை என்றே நான் நினைக்கிறேன். பெர்லினில் நோயெஸ் அருங்காட்சியகத்தின் மற்றக் கூடங்களில் எடுக்கலாம், அரசி நெஃபெர்டிட்டியின் மார்பளவுச் சிலை இருக்கும் அறையில் மட்டும் கூடாது. ஆக்ராவில் தாஜ்மகாலை வெளியே எங்கிருந்தும் எடுக்கலாம், கல்லறை இருக்கும் உள்மண்டபத்தில் எடுக்கக் கூடாது.

இவையெல்லாம் நிர்வாகம் பற்றியவை. வேறொரு வகைத் தடை இருக்கிறது. அதை விதியாக எழுதியிருக்காத இடத்திலும் நாமே கடைப்பிடிக்க வேண்டும். அவுஷ்விட்ஸ் நினைவிடத்தில் பெரும்பாலான பகுதிகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு எடுக்க அனுமதி உண்டு. கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைக்கப்பட்டிருக்கும் அறையில் இல்லை. கெய்ரோவில் அரச மம்மிகள் இருக்கும் கூடத்திலும் படமெடுக்கக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம், நெடுங்காலமாகப் பார்வையாளர்களை ஈர்த்து வந்த சுருக்கிய மனிதத் தலைகளை 2020இல் காட்சியிலிருந்தே எடுத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கிடப்பது ஒரு மனிதரின் உடல் என்ற நினைவு, கேமராவை உயர்த்தும் முன் நமக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் உலுரு பெரும்பாறையில், அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் புனிதமாகக் கருதும் சில பகுதிகளில் பலகை வைத்துப் படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வெளியாளுக்கு அது வெறும் பாறைப் பிளவாகத் தெரிந்தாலும் கேமராவைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். வழிபாடு நடக்கும் இடங்களில், கட்டடத்தை எடுக்கக் கிடைத்த அனுமதி அங்கே மண்டியிட்டிருப்பவரின் முகத்தை எடுக்கக் கிடைத்த அனுமதி ஆகாது.

கேள்வி: முக்காலி, செல்ஃபி குச்சி, ட்ரோன் கொண்டு போகலாமா?

பதில்: பெரும்பாலான அருங்காட்சியகங்களில் முதல் இரண்டுக்கும் இடமில்லை; நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லண்டன் நேஷனல் கேலரியும் செல்ஃபி குச்சியை 2015இல் தடை செய்தன. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை வெளியே விட்டு, இரண்டு நொடித் தாமத வசதியைப் பயன்படுத்தினால் முக்காலியின் தேவை பாதி குறையும். ட்ரோனைப் பொறுத்தவரை, எழுத்தில் அனுமதி இல்லாத தொன்மையிடத்தில் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் எடுத்த படத்தை இணையத்தில் இடுவதோ விற்பதோ குற்றமாகுமா?

பதில்: தனிப்பட்ட மகிழ்ச்சிக்காகப் பகிர்வதும் விற்பதும் சட்டத்தின் கண்ணில் வேறுவேறு. ஐஃபல் கோபுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குஸ்தாவ் ஐஃபல் 1923இல் மறைந்தார். கோபுரத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதன் இரவு விளக்கு அலங்காரம் பிற்காலப் படைப்பு என்பதால் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறவர் கோபுரத்தை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டும்.

பொதுவெளியில் நிலையாக நிற்கும் கட்டடங்களையும் சிலைகளையும் எடுத்து வெளியிடும் உரிமையை ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகள் தாராளமாகத் தருகின்றன. பிரான்சில் 2016இல் வந்த சட்டம் அதைத் தனிநபர்களின் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே அளிக்கிறது. இத்தாலியில் பதிப்புரிமையே இல்லாத பழம்படைப்புகளுக்கும் 2004ஆம் ஆண்டின் பண்பாட்டு மரபுச் சட்டத் தொகுப்பு பொருந்துகிறது. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையின் உருவத்தை அட்டைப்படத்தில் மாற்றிப் பயன்படுத்திய ஓர் இதழின் வெளியீட்டாளர் இழப்பீடு தர வேண்டும் என்று ஃபுளோரன்ஸ் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பயணி தன் நண்பர்களுக்குக் காட்டுவதை இவை எதுவும் தடுக்கவில்லை. விற்க எண்ணினால் மட்டும், நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கேமரா வழியாகவே பார்க்கிறேன், ஊர் திரும்பினால் எதுவும் நினைவில் இல்லை என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். அது உண்மைதானா?

பதில்: உண்மையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் படமெடுக்கவும் மற்றவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்களையும் அவற்றின் நுணுக்கங்களையும் அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். நினைவில் வைக்கும் பொறுப்பைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. ஆனால் பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுக்கச் சொன்னபோது இந்த இழப்பு ஏற்படவில்லை. படத்தில் வராத பகுதிகளும்கூட நினைவில் நின்றன. அலிக்சாண்ட்ரா பராஷும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, எதை எடுப்பது என்பதைத் தாமே தீர்மானித்து எடுத்தவர்களுக்குக் கண்டவை கூடுதலாகவும் கேட்டவை குறைவாகவும் நினைவில் இருந்தன என்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை தெளிவாகிறது. கூடத்துக்குள் நுழைந்ததும் கேமராவைத் தொங்கவிட்டு ஒரு சுற்று வாருங்கள். திரும்ப வந்து நிற்கத் தோன்றும் பொருளின் முன் மட்டும் நின்று, அதில் உங்களை நிறுத்தியது எது என்று தேடுங்கள்: சிலையின் விரல் நுனியா, பானையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் குயவரின் கைரேகையா, துணியில் யாரோ ஒட்டுப்போட்ட தையலா. அதை எடுங்கள். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். அவர் சொல்வதைப் படம் சேமித்து வைக்காது.

கேள்வி: புகழ்பெற்ற பொருள்களுக்கெல்லாம் இணையத்தில் என் படத்தைவிடத் தெளிவான படங்கள் கிடைக்கின்றன. பிறகு நான் ஏன் எடுக்க வேண்டும்?

பதில்: ஓவியங்களை நேர் எதிரே நின்று எடுப்பதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012 முதலே தன் சேகரிப்பின் உயர்தரப் படங்களை இலவசமாகத் தந்துவருகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் 2017இல் மூன்றே முக்கால் லட்சம் படங்களை எந்தக் கட்டுப்பாடுமின்றித் திறந்துவிட்டது. அவர்களுடைய விளக்கமைப்போடு நாம் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம்.

ஆனால் அவர்கள் எடுக்காதவை எத்தனையோ இருக்கின்றன. சிலையின் முதுகு, அது நிற்கும் கூடத்தின் அளவு, அதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் பெயரற்ற சிறு பொருள், தேய்ந்த வாசற்படி, சுவரில் பின்னாளில் அடைக்கப்பட்ட சாளரம். நிறுவனத்தின் படம் பொருளைச் சூழலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பயணியின் படமோ அது அந்த ஆண்டில், அந்த அறையில், எப்படி இருந்தது என்பதைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு எப்போது தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ரியோ டி ஜெனீரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் தீப்பிடித்து எரிந்தபோது, ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் கொண்ட சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. அதன் பின் சில மணி நேரத்துக்குள் அந்நகரின் அருங்காட்சியகவியல் மாணவர்கள், அங்கே போனவர்கள் எடுத்த படங்களை அனுப்பித் தருமாறு பொதுமக்களிடம் வேண்டினார்கள். குடும்பச் சுற்றுலாவில் எடுத்தவை, குழந்தை முன்னால் நிற்பவை, குவியம் சற்றே தவறியவை எல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட புத்தர் பெருஞ்சிலையைச் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் முப்பரிமாணமாக மீட்டெழுப்பியபோது, 1970இல் அளவெடுப்பதற்கென்றே எடுக்கப்பட்ட படங்களோடு சாதாரணப் பயணிகளின் படங்களையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். கட்டடங்களைக் காக்கப் படமெடுப்பது புகைப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே பிறந்த எண்ணம்: பிரான்சின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் 1851இல் ஐந்து புகைப்படக்காரர்களை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பி, சீரமைக்க வேண்டிய கட்டடங்களைப் பதிவு செய்யச் சொன்னது.

ஆகவே புகழ்பெற்ற பொருளுக்கு ஒரு படம் போதும். மீதி நேரத்தை யாரும் நின்று பார்க்காத மூலைக்குக் கொடுங்கள். அழகிய கோணங்களை எடுத்து முடித்த பிறகு, கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் அலங்காரமின்றி ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: திரும்பி வந்து பார்த்தால் எந்தப் படம் எந்த அருங்காட்சியகத்தில் எடுத்தது என்றே தெரியவில்லை. ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி?

பதில்: பொருளை எடுத்த உடனே அதன் விவரப் பலகையையும் எடுங்கள், எப்போதும் இதே வரிசையில். பலகை முன், பொருள் பின் என்று ஒரு முறையும் மாற்றி ஒரு முறையும் எடுத்தால் வீட்டில் குழப்பமே மிஞ்சும். புதிய கூடத்துக்குள் போகும்போது அதன் வாசல் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துவிட்டால் அதன் பின் வருபவை எல்லாம் தாமாகவே பிரிந்து நிற்கும். கட்டிடத்துக்குள் செயற்கைக்கோள் இடக்குறிப்பு பெரும்பாலும் தவறிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அன்றிரவே, மறக்கும் முன், கலங்கியவற்றை நீக்கிவிட்டு, வைத்திருக்கும் படங்களுக்கு இடம், பொருள், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறோர் இடத்தில் என்பது படக்கலைஞர்கள் கடைப்பிடிக்கும் முறை. பயணத்தில் அது இயலாவிட்டாலும், கேமரா ஒரு பையிலும் பிரதி வேறு பையிலும் இருக்கட்டும். விவரப் பலகை உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தாலும் தவறாமல் எடுங்கள். பின்னர் படிக்க வழி இருக்கிறது. கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைப் போகும் நாட்டின் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கைப்பேசிப் படங்களும் கேமராப் படங்களும் ஒரே வரிசையில் சேர அதுவே எளிய வழி.